அஞ்சு நிமிஷம்கூட உட்கார முடியலையே!

கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களும் அவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்களும் தியானம், மைண்ட்ஃபுல்னெஸ் (இந்தக் கணத்தில் நடப்பதை நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்கும் பயிற்சி) பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தினமும் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கப் பார்க்கிறேன். அரை நிமிஷத்தில் அசைன்மென்ட், வாட்ஸ்அப், நேற்று யாரோ சொன்ன வார்த்தை என்று மனசு ஓடிப்போகிறது. அஞ்சு நிமிஷம்கூட உட்கார முடியலை. முன்னைவிடப் படபடப்பு கூடினமாதிரிகூட இருக்கு. எனக்குத் தியானம் வராதோ?

வரும். மனம் ஓடுவதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதனால்தான் இந்தச் சந்தேகம். மனதைக் காலி செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மூச்சில் கவனம் வைக்கிறோம், கவனம் நழுவுகிறது, நழுவியது தெரிகிறது, திரும்பக் கொண்டுவருகிறோம். இந்த நான்கும் சேர்ந்ததுதான் ஒரு சுற்று. ஐந்து நிமிடத்தில் இருபது தடவை மனம் ஓடி, இருபது தடவையும் நீங்கள் திரும்பி வந்திருந்தால் இருபது சுற்றுப் பயிற்சி முடிந்திருக்கிறது. 2010-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் கைபேசி வழியாகப் பலரிடம் அவ்வப்போது ‘இப்போது உங்கள் மனம் எங்கே?’ என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 விழுக்காடு நேரம், செய்துகொண்டிருந்த வேலையில் மனம் இல்லை. எல்லோருக்கும் இதுதான் நிலைமை.

படபடப்பு கூடியதுபோல் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. பகல் முழுக்க ஓடிக்கொண்டிருந்த எண்ணங்களைக் கவனிக்க நேரமில்லை. சும்மா உட்காரும்போதுதான் அவை இருப்பதே தெரிகிறது. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரத்தில் இது பழகிவிடும்.

இப்படிச் செய்து பாருங்கள். நாற்காலியில் உட்காருங்கள், இரு பாதமும் தரையில் முழுதாகப் படியட்டும். முதுகு நேராக இருந்தால் போதும், விறைக்க வேண்டாம். கைபேசியில் 5 நிமிட அலாரம் வைத்து, ஃபிளைட் மோடில் போட்டு, கை எட்டாத இடத்தில் வையுங்கள். முதல் அரை நிமிடம் பாதமும் தொடையும் எங்கே அழுந்துகின்றன என்று கவனியுங்கள். பிறகு மூச்சு எந்த இடத்தில் தெளிவாகத் தெரிகிறது என்று பாருங்கள். மூக்கு நுனி, மார்பு, வயிறு, ஏதாவது ஒன்று. அன்றைக்கு அதை மாற்ற வேண்டாம். மூச்சை நீட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வெளிவிடும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஓர் எண், 1 முதல் 10 வரை. எண் தவறினால் மறுபடி 1. திடீரென்று பார்த்தால் 17-ல் நிற்பீர்கள். அதுவும் சரிதான், 1-க்கு வந்துவிடுங்கள். ஓர் எண்ணம் இழுத்துக்கொண்டு போனால் அதற்கு ஒரே சொல்லில் பெயர் சொல்லுங்கள். ‘திட்டம்’, ‘கவலை’, ‘கோபம்’, அவ்வளவுதான். அந்த எண்ணத்தோடு வாதாட வேண்டாம்.

முதல் வாரம் 5 நிமிடம், இரண்டாம் வாரம் 7, மூன்றாம் வாரம் 10. மாணவர்களுக்கு 10 நிமிடம் தாராளம். டியூக் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கென்றே உருவாக்கிய ‘கோரு’ வகுப்பிலும் அன்றாட வீட்டுப் பயிற்சி 10 நிமிடம்தான். முதல் நாளே அரை மணி நேரம் உட்கார்ந்து, மூன்றாம் நாள் கைவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. இன்னொரு தவறு, ஒவ்வொரு முறையும் ‘இன்றைக்கு நன்றாக வந்ததா?’ என்று மதிப்பெண் போடுவது. உட்கார்ந்தால் அன்றைய கணக்கு முடிந்தது.

நேரத்தை ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். பல் துலக்கிய உடனே, அல்லது லேப்டாப்பைத் திறக்கும் முன். ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். லண்டனில் 96 பேரை வைத்து நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக மாற நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது, சிலருக்கு 254 நாள்வரை போகும் என்று கணித்தார்கள். நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகக் கெடுக்கவில்லை.

கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோகிறது. கை சில்லிட்டு, நெஞ்சு அடிக்கிறது. ‘நல்லா இழுத்து மூச்சு விடு’ என்கிறார்கள். அப்படிச் செய்தால் தலை சுற்றுகிறது. தேர்வறையில் வேறு என்ன செய்யலாம்?

தலை சுற்றத்தான் செய்யும். பதற்றத்தில் ஏற்கெனவே வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அதன்மேல் பெரிதுபெரிதாக இழுத்தால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு இறங்கிவிடும். தலை கிறுகிறுப்பு, விரல் மரத்துப்போதல், உதட்டில் ஊசி குத்துவதுபோல் இருப்பது எல்லாம் அதனால் வருபவை. அதைப் பார்த்து இன்னும் பயம் கூடும். கவனம் வைக்க வேண்டியது வெளிவிடும் மூச்சில். மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு சற்றே மெதுவாகும். உடம்பை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் வேலை அது.

பேனாவைக் கீழே வையுங்கள். இரு பாதங்களையும் தரையில் மூன்று விநாடி அழுத்தி விடுங்கள். கண் திறந்தே இருக்கட்டும், மேசையின் ஓரத்தைப் பாருங்கள். மூக்கு வழியாக 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே. நெஞ்சு நிறைய இழுக்க வேண்டாம், வழக்கமான அளவு போதும். விநாடிக்கு ஓர் எண் என்றால் ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி, ஆறு சுற்றுக்கு ஒரு நிமிடம். 6 வரை எட்டவில்லை என்றால் 3-க்கு உள்ளே, 5-க்கு வெளியே. பிறகு மனதுக்குள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: ‘பயம் வந்திருக்கு. கை நடுங்குது.’ பயத்தை விரட்டும் வேலையை விட்டுவிட்டால் பாதி பாரம் குறையும். அடுத்து ஒரே ஒரு கேள்வியை மட்டும் படித்து, முக்கியச் சொற்களுக்கு அடிக்கோடு போட்டு, தெரிந்த ஏதாவது ஒரு வரியை எழுதத் தொடங்குங்கள். எல்லாம் சேர்ந்து ஒன்றரை நிமிடம். மூன்று மணி நேரத் தேர்வில் அது பெரிய செலவு இல்லை.

இதைத் தேர்வறையில்தான் முதன்முதலாகச் செய்வேன் என்றால் பலிக்காது. இரண்டு வாரம் முன்பே தொடங்கி, நாளைக்கு இரண்டு தடவை, பதற்றம் இல்லாத நேரத்தில் பழகுங்கள். பிறகு நேரம் வைத்து எழுதும் மாதிரித் தேர்வுகளில் இடையிடையே செய்யுங்கள். தேர்வு இல்லாத நாட்களிலும் இப்படித் திடீர்ப் பதற்றம் வந்தாலோ, அந்தப் பயத்தால் தேர்வுக்கே போகாமல் இருந்தாலோ ஆலோசகரைப் பாருங்கள். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. தனியாகச் சமாளித்துக் காட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கால் விரலிலிருந்து தலைவரை கவனத்தை நகர்த்தும் பயிற்சி செய்கிறேன். முழங்காலைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறேன்.

உங்களுக்குத் தூக்கக் கடன் இருக்கிறது. 18 முதல் 25 வயதில் இரவுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டுப் படுத்துக்கொண்டு பயிற்சி செய்தால், உடம்பு கிடைத்த இடைவெளியைப் பிடித்துக்கொள்ளும். தூக்கத்துக்காகத்தான் செய்கிறீர்கள் என்றால் இரவில் படுத்தே செய்யுங்கள், தூங்கிப்போவது நல்லதுதான். கவனத்தைப் பழக்க வேண்டும் என்றால் பகலில், உட்கார்ந்து, கண்ணைப் பாதி திறந்து வைத்துச் செய்யுங்கள். அப்போதும் சொக்கினால் எழுந்து நின்று செய்யலாம்.

கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் நெஞ்சு இறுகுகிறது. சில வருஷங்களுக்கு முன் நடந்த மோசமான சம்பவம் கண்முன்னே வந்துவிடுகிறது. ‘அதோடயே இருங்க, கடந்துபோகும்’ என்கிறார் பயிற்சியாளர். தொடரலாமா?

அந்த முறையில் தொடர வேண்டாம். ‘அதோடயே இருங்க’ என்பது மூக்கு அரிப்புக்கும் சலிப்புக்கும் பொருந்தும் அறிவுரை. உங்களைத் திணறடிக்கும் பழைய நினைவுக்குப் பொருந்தாது.

எல்லோருக்கும் மூச்சு பாதுகாப்பான இடமாக இருப்பதில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள், திடீர்ப் பீதி வந்து பழகியவர்கள், வன்முறையையோ விபத்தையோ சந்தித்தவர்கள் பலருக்கு, மூச்சைக் கவனிப்பதே அபாய மணியை அடித்துவிடும். இதில் உங்கள் குறை எதுவும் இல்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஜாரட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் ஆகியோர் தியானம் செய்கிறவர்களையும் கற்றுத்தருகிறவர்களையும் விரிவாகப் பேட்டி கண்டு 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பயம், தூக்கமின்மை, பழைய காயங்கள் மேலெழுவது, உடம்பே தன்னுடையது இல்லை என்ற உணர்வு என்று பலவும் அதில் பதிவாகியிருக்கின்றன. நீண்ட முகாம்களில் மட்டும் இல்லாமல் அன்றாடப் பயிற்சியிலும் சிலருக்கு இவை நேர்ந்திருக்கின்றன. பயிற்சி தருகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மறுபடி அப்படி வந்தால் உடனே கண்ணைத் திறங்கள். அறையைச் சுற்றிப் பார்த்து ஐந்து பொருள்களின் பெயரையும் நிறத்தையும் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் இறுகப் பிடியுங்கள், அல்லது எழுந்து நடங்கள். அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர முயல வேண்டாம்.

அடுத்த நாட்களில் உடம்புக்கு வெளியே ஒரு பிடிமானம் தேடுங்கள். தூரத்துச் சத்தம், பக்கத்துச் சத்தம் என்று இரண்டு நிமிடம் காதால் கேட்பது ஒரு வழி. இன்னொன்று நடை. எட்டுப் பத்து அடி நீளமுள்ள இடம் போதும். வழக்கத்தைவிடச் சற்று மெதுவாக, குதிகால் படுவது, பாதம் படுவது, அடுத்த கால் கிளம்புவது என்று கவனித்து நடங்கள். முனையில் நின்று, ஒரு விநாடி கழித்துத் திரும்புங்கள். கண் திறந்திருப்பதாலும் உடம்பு நகர்வதாலும் பலருக்கு இது உட்காருவதைவிட இலகுவாக இருக்கிறது. மனக்கலக்கத்துக்கு 0 முதல் 10 வரை நீங்களே ஓர் எண் கொடுத்துப் பழகுங்கள். 5-க்குப் போனால் பிடிமானத்தை மாற்றுங்கள், 7-க்குப் போனால் நிறுத்துங்கள்.

இரண்டு மூன்று இரவு தொடர்ந்து தூக்கம் வரவில்லை, சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லாததுபோல் மணிக்கணக்கில் இருக்கிறது, யாரும் பேசாத குரல் கேட்கிறது, அந்தச் சம்பவம் தினமும் திரும்பி வருகிறது, உங்களையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறது. இவற்றில் எது வந்தாலும் தியானத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். முன்பு மனச்சிதைவோ பித்துநிலையோ வந்து சிகிச்சை பெற்றவர்கள், நாள் முழுக்க மௌனமாக இருக்கும் முகாம்களுக்குத் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. உங்கள் விஷயத்தில் அந்த நினைவைக் கையாளச் சரியான இடம், அதிர்ச்சிக்கான சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளரின் அறை. கவனப் பயிற்சி பிறகு அதற்குத் துணையாக வரட்டும்.

தியானம் கற்றுத்தரும் கைபேசிச் செயலி மட்டும் போதுமா?

தொடங்குவதற்குப் போதும். ஒரே குரல், ஒரே பயிற்சி என்று நான்கு வாரம் கேளுங்கள். தினம் ஒன்றாக மாற்றினால் எதுவும் பிடிபடாது. பிறகு மூன்று முறைக்கு ஒருமுறை குரல் இல்லாமல் உட்காருங்கள். ‘தொடர்ந்து 40 நாள்!’ என்று செயலி காட்டும் கணக்கை அணைத்துவிடுங்கள். அது அறுந்த அன்றே பலர் பயிற்சியையும் விட்டுவிடுகிறார்கள். முந்தைய கேள்வியில் சொன்ன மாதிரி ஏதாவது நேர்ந்தால் செயலிக்கு அது தெரியாது. இந்தக் குறைக்கு மாற்றே கிடையாது.

நான் பேராசிரியர். அறுபது பேர் வகுப்பு. தொடக்கத்தில் பத்து நிமிடம் தியானம் வைத்து, பங்கேற்புக்கு மதிப்பெண் தரலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் அக்கறை மதிப்புக்குரியது. மதிப்பெண்ணை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மதிப்பெண் வந்தவுடன் அது கட்டாயம் ஆகிவிடும். அந்த அறுபது பேரில், பழைய சம்பவம் கண்முன்னே வருகிறது என்று மேலே கேட்டவரைப் போன்ற ஒருவராவது இருப்பார், உங்களிடம் அதைச் சொல்லவும் மாட்டார்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுப்பதால் பலன் வந்துவிடாது என்பதற்குப் பெரிய சான்று இருக்கிறது. பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட பதின்பருவத்தினரிடம் நடத்திய ‘மிரியட்’ ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. வகுப்பில் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்த மைண்ட்ஃபுல்னெஸ், பள்ளிகள் வழக்கமாக நடத்தும் மனநலப் பாடங்களைவிட மேலாக இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. அவர்கள் வயது வேறு, கல்லூரி மாணவர் வயது வேறு. ஆனாலும் விருப்பம் இல்லாத இடத்தில் பயிற்சி வேர்பிடிக்காது என்பது இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

இரண்டு நிமிடம் போதும். விளக்கை அணைக்க வேண்டாம், கண்ணை மூடச் சொல்ல வேண்டாம், கதவு திறந்திருக்கட்டும். சொல்லும் வார்த்தைகளை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: “அடுத்த இரண்டு நிமிடம் அமைதியாக இருப்போம். விரும்புகிறவர்கள் பாதம் தரையில் படுவதையோ, அறையில் கேட்கும் சத்தத்தையோ கவனிக்கலாம். வேண்டாம் என்பவர்கள் நோட்டைப் புரட்டிக்கொண்டு இருக்கலாம். சத்தம் மட்டும் போட வேண்டாம்.” இவ்வளவுதான். முடிந்ததும் ‘எப்படி இருந்தது?’ என்று யாரையும் எழுப்பிக் கேட்காதீர்கள். யார் செய்தார், யார் செய்யவில்லை என்று பார்க்கவும் வேண்டாம். முதலில் நீங்கள் இரண்டு மாதமாவது தினமும் செய்துவிட்டுத் தொடங்குங்கள். காகிதத்தைப் பார்த்துப் படிக்கிற குரலை மாணவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எங்கள் எண்ணத்தில், ஆசிரியர் கையில் இதைவிட வலுவான கருவி ஒன்று இருக்கிறது. பாடத்தையே நிதானமாகப் பார்க்க வைப்பது. ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ், மாணவர்களை ஒரே ஓவியத்தின் முன் மூன்று மணி நேரம் உட்கார வைக்கிறார். ஒரு சிறுவனும் அணிலும் உள்ள ஓவியத்தில், சிறுவனின் காது வடிவமும் அணிலின் வயிற்றோர உரோம வடிவமும் ஒன்றுபோல் இருப்பதைக் கவனிக்கத் தனக்கே 9 நிமிடம் ஆனது என்று எழுதியிருக்கிறார். உங்கள் வகுப்புக்கு இருபத்தைந்து நிமிடம் போதும். பாடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு வரிப் பத்தி ஒன்றை எடுங்கள். ஒருவர் உரக்கப் படிக்கட்டும், பிறகு இரண்டு நிமிட மௌனம். இரண்டாம் முறை அவரவர் படித்து, இடறிய ஒரு வரிக்கு மட்டும் அடிக்கோடு. மூன்றாம் முறை படித்துவிட்டு, அந்த வரியைப் பற்றி ஐந்து நிமிடம் பேனாவை எடுக்காமல் எழுதுவது. கடைசியில் இருவர் இருவராகப் பேச்சு. அறிவியல் வகுப்பென்றால் வரைபடத்தின் விளக்கக் குறிப்பை மறைத்துவிட்டு, ஐந்து நிமிடம் பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ‘ஏன்’ என்பது அதற்கப்புறம். இதில் யாருடைய தனிப்பட்ட காயமும் கிளறப்படாது, பாடமும் நடக்கிறது.

எங்கள் பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவில் மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு தொடங்கப்போகிறோம். எத்தனை வாரம், எத்தனை பேர், எப்படித் தெரிந்துகொள்வது பலன் இருக்கிறதா என்று?

மூன்று அளவுகள் பழக்கத்தில் உள்ளன. 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் நோயாளிகளுக்காகத் தொடங்கிய மூலத் திட்டம் 8 வாரம். வாரம் இரண்டரை மணி நேர வகுப்பு, அன்றாடம் 45 நிமிட வீட்டுப் பயிற்சி, ஒரு முழுநாள் மௌனம். படிக்கிற பிள்ளைகளால் இதைத் தாங்குவது கடினம். இரண்டாவது, கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்காகச் சுருக்கிய 8 வார வகுப்பு, ஒவ்வொன்றும் 75 முதல் 90 நிமிடம். 616 மாணவர்களைச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து அதைச் சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான உதவி மட்டும் கிடைத்தவர்களில் 57 விழுக்காட்டினர் ஆண்டிறுதித் தேர்வுக் காலத்தில் மன உளைச்சல் வரம்பைத் தாண்டியிருந்தார்கள். வகுப்பும் சேர்ந்து கிடைத்தவர்களில் 37 விழுக்காடு. மூன்றாவது, முன்பே சொன்ன கோரு. 4 வகுப்பு, ஒவ்வொன்றும் 75 நிமிடம். 90 மாணவர்களிடம் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வில் மன அழுத்தமும் தூக்கமும் சீர்பட்டதாகக் கண்டார்கள்.

முதல்முறை நடத்துகிறவர்களுக்கு நாலு வார வடிவத்தைப் பரிந்துரைப்போம். மாணவர் நேரத்துக்கு அது ஒத்துவரும், பாதியில் நிற்பவர்களும் குறைவு. ஒரு குழுவில் 12 பேர், மிஞ்சினால் 15. பருவம் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் வாரத்தில் ஆரம்பித்துத் தேர்வுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் முடியுங்கள். தேர்வு நெருங்கியபின் தொடங்கினால், பழகாத பயிற்சியும் ஒரு புதுச் சுமையாகிவிடும். சேர விரும்பும் ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். இப்போது சிகிச்சையில் இருக்கிறாரா, அண்மையில் பெரிய இழப்பு ஏதாவது உண்டா, தூக்கம் எப்படி. கடும் மனச்சோர்வில் இருப்பவரை வகுப்பில் உட்கார வைக்காமல் ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். ஒரு வகுப்புக்கு வராதவரை அடுத்த நாளே விசாரியுங்கள், குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம்.

பலனை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலக் குறியீடு கைக்கு எளிது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 5. கூட்டி 4-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு என்று வரும். 50-க்குக் கீழே இருந்தால் மனச்சோர்வு உண்டா என்று மேலும் பார்க்க வேண்டும். தொடங்கும் முன், முடிந்தபின், பிறகு தேர்வு வாரத்தில் என மூன்று முறை எடுங்கள். மூன்றாவதுதான் உண்மை சொல்லும். வகுப்பில் சேராத ஒரு குழுவிடமும் எடுத்தால் ஒப்பிட முடியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரே வாரத்தில் ஐந்து பாடத்துக்கும் ஒப்படைப்புக் கெடு, ஆலோசகரைப் பார்க்க ஆறு வாரக் காத்திருப்பு, மோசமாகப் பேசும் துறைத்தலைவர். இவை அப்படியே இருக்க, ‘மூச்சைக் கவனியுங்கள்’ என்று மாணவரிடம் சொல்வது நியாயமில்லை. 2015-ல் கனடாவில் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய ஒகனாகன் சாசனம், நிர்வாகம், பாடத்திட்டம், வளாகம் எல்லாவற்றிலும் ஆரோக்கியத்தைக் கலக்கச் சொல்கிறது. ஒருவர் சம்பளத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முதலில் ஆலோசகரை நியமியுங்கள். கெடு தேதிகளைத் துறைகள் கூடிப் பேசி மாற்றி அமைக்கக் காசே தேவையில்லை.

முனைவர் பட்ட ஆய்வாளர். நெறியாளர் ஒரு குறை சொன்னால் மூன்று நாள் எழுத முடிவதில்லை. நானே என்னைத் திட்டிக்கொண்டிருப்பேன். என்னிடம் கனிவாக இருக்கச் சொல்கிறார்கள், அப்படியிருந்தால் சோம்பேறி ஆகிவிட மாட்டேனா?

ஆக மாட்டீர்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் நடத்தி 2012-ல் வெளியிட்ட சோதனைகளில், தேர்வில் சறுக்கியபின் தன்னிடம் கனிவாக இருக்கத் தூண்டப்பட்டவர்கள்தான் அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள். திட்டிக்கொள்வதில் செலவாகும் சக்தி, வேலைக்கு மிச்சமாகிறது.

கருத்துரை வந்ததும் ஒருமுறை படித்துக் கோப்பை மூடிவிடுங்கள். பத்து நிமிடம் நடங்கள். திரும்பி வந்து ஒரு தாளை நெடுக்காக இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் நெறியாளர் எழுதிய வார்த்தைகள் மட்டும்: ‘இந்த இயலின் வாதம் தெளிவாக இல்லை.’ வலப்பக்கம் அதன்மேல் நீங்கள் சேர்த்தவை: ‘நான் ஆய்வுக்கே லாயக்கில்லை.’ வலப்பக்கம் எவ்வளவு நீளம் என்று பார்த்தாலே பலருக்கு மூச்சு வரும். பிறகு ஐந்து நிமிடம், தன்னிடம் கனிவாக இருப்பதை ஆராயும் உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் சொல்லும் மூன்று கூறுகளை வரிசையாக எடுங்கள். இது வலிக்கிறது என்று ஒப்புக்கொள்வது. ஆய்வு செய்யும் எவருக்கும் இது நேர்கிறது என்று நினைப்பது. இதே நிலையில் இருக்கும் நண்பரிடம் என்ன சொல்வேனோ அதை எனக்கே சொல்வது. கடைசிக் கூறு செயற்கையாகத் தோன்றினால் நண்பருக்குக் கடிதம்போல் மூன்று வரி எழுதுங்கள், எழுதும்போது இயல்பாக வரும். பிறகு இடப்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இன்றே திருத்தக்கூடியது, யோசிக்க வேண்டியது, கேட்டுத் தெளிய வேண்டியது என்று பிரித்து, முதல் வகையில் ஒன்றை முடித்துவிட்டு எழுந்திருங்கள்.

வேறு மதத்தின் வழிபாட்டில் கலந்துகொள்வதுபோல் ஆகிவிடுமா என்று தயக்கம்.

இன்றைய வகுப்புகளின் வேர் பெரும்பாலும் பௌத்தத் தியானத்தில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நடக்கும் வடிவத்தில் மந்திரமோ உருவமோ நம்பிக்கை உறுதிமொழியோ இருக்கக் கூடாது. இருந்தால் கேள்வி கேளுங்கள். அதற்குமேலும் மனம் ஒப்பவில்லையா, உங்கள் மரபிலேயே ஜெபமோ மௌனமோ நிதான வாசிப்போ இருக்கும். அதை ஒழுங்காகச் செய்யுங்கள்.

பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தியானம் நன்றாக வருகிறது. மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரலாம், பதற்றமும் திரும்பலாம். பதற்ற நோய் உள்ளவர்களுக்கு 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் திட்டம், எசிட்டாலோபிராம் மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது என்று 2022-ல் ஓர் ஆய்வு வந்தது உண்மைதான். அதில் பயிற்சி பெற்ற ஆசிரியர், வாரம் இரண்டரை மணி நேரம், தினம் 45 நிமிடம் எல்லாம் இருந்தன. மருத்துவரிடம் உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள். குறைப்பதென்றால் அளவும் வேகமும் அவர் முடிவு செய்யட்டும்.

அறைத்தோழி சில வாரமாக வகுப்புக்கு வருவதில்லை, சாப்பிடுவதில்லை. ‘நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி’ என்றாள். தியானம் சொல்லிக்கொடுக்கட்டுமா?

வேண்டாம். இப்போது அவரைத் தனியாக எண்ணங்களோடு உட்கார வைக்கும் எதுவும் வேண்டாம். நேராகக் கேளுங்கள்: “செத்துப்போகணும்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஆள் இருக்கிறது என்ற ஆறுதல்தான் வரும். ஆம் என்றால், எப்படி என்று திட்டம் வைத்திருக்கிறாரா, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அறையில் மாத்திரையோ கூர்மையான பொருளோ இருந்தால் அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியே விடாமல், இன்றே விடுதிக் காப்பாளரிடமோ ஆலோசகரிடமோ கூடவே அழைத்துப் போங்கள். திட்டமும் பொருளும் இருக்கிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு. ‘யாருக்கும் சொல்லாதே’ என்று சத்தியம் கேட்டால் கொடுக்காதீர்கள். “உன் உயிர் விஷயத்தில் மட்டும் நான் சொல்லித்தான் ஆவேன்” என்று அவரிடமே சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். பொறுப்பை ஒரு பெரியவர் ஏற்றுக்கொண்டபின், உங்களுக்கும் ஆலோசகரிடம் ஒரு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.